ஊமைத் தண்ணீரின் வாயிலில்

மூன்றாவது இளநீர்க் கூட்டையும் கடலுக்குள் வீசிவிட்டு எவாரிஸ்டா எண்ணத் தொடங்குகிறாள். இருபது எண்ணுவதற்குள் கூடு திரையில் புரண்டு காலடிக்குத் திரும்பினால், சற்று மேற்கே நகர்ந்து அடுத்ததை எறிவாள். திரும்பாமல், எவரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் நேரே உள்ளே போனால், அவ்விடத்தில் முக்காலியை ஊன்றி அமர்ந்துவிடுவாள். அவ்வழியே நீரில் இறங்க நினைப்பவர் அவளைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளில் தாண்டியவர் மிகச் சிலர்.

போர்ட்டோ ரிக்கோவின் வடகரையில் இளநீர் விற்கிறவள் அவள். வயது அறுபத்தொன்று. மூன்றே வெட்டில் காயின் கண் திறந்துவிடும். நான்காவது வெட்டு விழுந்தால் அந்தக் காயை விற்கமாட்டாள், தானே குடித்துவிடுவாள். வாடிக்கையாளரின் பெயர் நினைவில் தங்காது. குடித்த கூட்டைத் தன்னிடம் கொடாமல் போனவனின் முகமோ ஆண்டு பல கடந்தும் மறக்காது. நீந்தத் தெரியாது. ஏனென்று கேட்டால், "தெரிஞ்சிருந்தா நானும் திமிருல இறங்கியிருப்பேன். இந்நேரம் மீனு தின்னு செரிச்சிருக்கும்" என்பாள்.

'ஊமைத் தண்ணி' என்பது அக்கரையார் வழங்கும் சொல். இருமருங்கும் அலைகள் நுரைத்துச் சரிய, நடுவே நுரையின்றி, கருநீலமாய், பாய் விரித்தாற்போல் அமைந்து கிடக்கும் பட்டை அது. கரையேறிய நீரெல்லாம் கடலுக்கு மீளும் வழி. "கத்துற அலை உன்னயக் கரையிலதான் கொண்டாந்து போடும். வாயத் தொறக்காமக் கெடக்கு பாரு, அதுதான் ஆளத் தூக்கிட்டுப் போவும்" என்று வருவோரிடமெல்லாம் சொல்வாள்.

சென்ற செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புயல் கிழக்கே இரண்டு நாள் தொலைவில் இருந்தது. வானில் மேகக் கீற்று ஒன்றுமில்லை; புயலின் அலைகளோ அதற்கு முன்னரே வந்து சேர்ந்துவிட்டன. நகராட்சி நட்ட சிவப்புக் கொடியின் கம்பத்தில் யாரோ துண்டை உலர்த்தியிருந்தார்கள். காலை பத்து மணிக்கு, வெள்ளை அங்கி அணிந்த ஒன்பது பேரை ஞானஸ்நானத்துக்கு அழைத்துக்கொண்டு போதகர் எலியுத் மலாவே வந்தார். பின்னால் சபையார் பாடிக்கொண்டே வந்தார்கள். ஒன்பதின்மரில் ஒருவர் எவாரிஸ்டாவின் அண்ணன் ஃபொன்சோ. வயது எழுபது, ரம்மை விட்டு நாற்பது நாள்.

போதகர் நேரே முக்காலியை நோக்கி நடந்தார்.

"எந்திரிங்கக்கா. கர்த்தர் நமக்குன்னே இந்த எடத்த அமர்த்தி வெச்சிருக்காரு, பாருங்க."

"அமர்ந்து கெடக்கல, போதகரே. பதுங்கிக் கெடக்கு. புயல் போகட்டும், அப்புறமா முக்குங்க."

"புயலுக்கு முன்னாடி முங்கிடணும்னுதானே வந்திருக்காங்க?"

எவாரிஸ்டா ஒரு கூட்டை எறிந்து காட்டினாள். அது போயே போயிற்று.

"தேங்காய்க்கு ஏதுக்கா விசுவாசம்?" என்றார் போதகர். அங்கி அணிந்தவர்கள் நகைத்தார்கள். எல்லோரிலும் உரக்க நகைத்தவர் ஃபொன்சோ. "வாளித் தண்ணியப் பாத்தே அழுதவ இவ! தள்ளுடி. நாப்பது நாளா நாக்கு வறண்டு காத்துக் கெடக்கேன்."

அவள் எழுந்தாள். போதகரின் தோளில் கிடந்த மிச்ச அங்கியை உருவி, இரண்டு கூடுகளை அதன் நெஞ்சுக்குள் திணித்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். கணுக்கால் நனையும் அளவுக்கு நீரில் நின்று, அதனைத் தள்ளிவிட்டாள்.

அங்கி ஒரு கணம் தயங்கி நின்றது. பின்னர் நகர்ந்தது. நொடிக்கு நொடி அதன் விரைவு கூடிற்று. கைகள் இரண்டும் நீர்மேல் விரிய, மல்லாந்து மிதக்கும் ஆள் போலவே போயிற்று. அலை உடையும் எல்லையைக் கடந்து, ஒரு முகட்டின்மேல் ஏறி, ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டி, அப்பால் மறைந்தது. பாடிக்கொண்டிருந்தவர்களின் பாட்டு நின்றது. போதகரின் உதடுகள் ஓசையின்றி அசைந்தன, அவரும் எண்ணிக்கொண்டிருந்தார்.

"அது யார் அளவு அங்கி?" என்றார் ஃபொன்சோ, தணிந்த குரலில்.

"ஒன் அளவுதான், அண்ணே."

போதகர் கடலிலிருந்து முகத்தைத் திருப்பி, "முழுசா முங்கணும்க்கா. தலையில தெளிக்கிறதெல்லாம் எங்க சபையில ஆகாது" என்றார்.

எவாரிஸ்டா உதட்டைக் குவித்துக் கடைப்பக்கம் சுட்டினாள். இளநீர் குளிர்வதற்காக ஐஸ் தண்ணீர் நிரப்பிய, நீளவாக்கில் அறுத்த பெரிய நீல டிரம் அங்கே கிடந்தது. "காயெல்லாம் எடுத்து மணல்ல போட்டுட்டு முங்குங்க. ஐஸ மட்டும் எடுத்துடாதீங்க. அண்ணன் முங்குறத நான் பாக்கணும்."

சற்று நேரத்தில் ஃபொன்சோவின் அலறல் கரை முழுதும் கேட்டது. அதன்மேல் அல்லேலூயாவும் சிரிப்பும் கலந்து எழுந்தன. எவாரிஸ்டா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கூட்டை எடுத்து வீசினாள். பன்னிரண்டு எண்ணுவதற்குள் அது புரண்டு வந்து அவள் பாதத்தைத் தொட்டது. ஊமை இடம் பெயர்ந்துவிட்டது. முக்காலியை ஒரு கையில் தூக்கி, கூடுகளை மற்றொரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, ஏழெட்டு அடி மேற்கே நடந்து, அடுத்ததை எறிந்தாள்.