யாரையும் இறங்கவிடாத அண்ணன்

முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அண்ணன் ஒரு 'கப்பல்காரர்'. விடுமுறையில் வரும்போது சாக்லெட்டும் சோப்பும் கொண்டுவருபவர், கோயிலில் கடைசி வரிசையில் நிற்பவர், அதிகம் பேசாதவர். அவர் பேசாமல் விட்டுப்போனதில் கொஞ்சத்தை அவருடைய ஒரே தங்கையான நான் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணன் திண்டுக்கல்லில் பிறந்தார். அப்பா தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தார். அவர் திடீரென்று இறந்தபோது அண்ணன் ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்தில். படிப்பு முடிந்த கையோடு கப்பல் வேலைக்கான பயிற்சிக்குச் சென்னைக்குக் கிளம்பினார். அதுவரை அவர் கடலைப் பார்த்ததுகூட இல்லை. முதல் பயணம் முழுக்கச் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். துருவைச் சுரண்டி பெயின்ட் அடிக்கும் வேலையில் தொடங்கி, மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவரான 'போசன்' ஆனார். அம்மாவின் ஆபரேஷன், என் ஆசிரியர் பயிற்சி, என் திருமணம் எல்லாம் அவர் கடலில் இருந்துகொண்டே நடத்தி வைத்தவை.

வீட்டுக்கு வந்தாலும் கப்பல் பழக்கம் அவரை விடாது. ஏணியில் ஒருவர் ஏறினால் கீழே இன்னொருவர் பிடித்தே ஆக வேண்டும். "ஒட்டடை அடிக்கக்கூடச் சட்டமாடா?" என்று அம்மா கேலி செய்வார்.

"ஆமாம்மா. அந்தச் சட்டமெல்லாம் எவனோ ஒருத்தன் செத்த பெறகு எழுதுனது" என்பார் அண்ணன். அந்தப் பதிலின் பாரம் அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஆரோக்கியம் என்ற இளைஞரும் அண்ணன் இருந்த கப்பலிலேயே வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு வழி சொல்லி அனுப்பியவர் அண்ணன்தான். "எம் புள்ளைய ஒன்னைய நம்பித்தான் அனுப்புறேன்" என்று ஆரோக்கியத்தின் தாயார் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது நானும் அங்கே இருந்தேன்.

கப்பலின் அடிப்பகுதியில் கடல் தண்ணீரை நிரப்பி வைக்கும் தொட்டிகள் உண்டு. நெடுநாள் மூடிக் கிடந்த தொட்டிக்குள் துரு ஏறி ஏறி, உள்ளே இருக்கும் காற்றில் உயிர் தரும் பங்கு தீர்ந்துபோகும். பார்வைக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதனால் மூடியைத் திறந்து காற்று ஓட விட்டு, கருவி வைத்துச் சோதித்த பிறகுதான் ஆள் இறங்கலாம் என்பது சட்டம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், முதுகில் காற்று உருளை மாட்டாமல் வேறு யாரும் பின்னால் இறங்கக் கூடாது என்பதும் சட்டம்.

அன்று அண்ணன் கப்பலின் முன்பக்கம் வேறு வேலையில் இருந்தார். துறைமுகம் நெருங்குகிறது என்று அவசரப்பட்ட அதிகாரி ஒருவர், சோதிக்காத தொட்டிக்குள் ஆரோக்கியத்தை இறங்கச் சொல்லிவிட்டார். அண்ணன் ஓடி வந்து சேர்ந்தபோது ஆரோக்கியம் ஏணியின் அடியில் அசையாமல் கிடந்தார். தூத்துக்குடிக்காரரான முருகேசன் என்ற மாலுமி சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்துவிட்டார். அண்ணன் அவரை இழுத்து அப்பால் தள்ளிவிட்டு, தொட்டியின் வாய்க்குக் குறுக்கே தானே உட்கார்ந்துகொண்டார்.

"என்னையத் தாண்டி எவனும் எறங்கப்படாது. காத்து செட்டைக் கொண்டாங்கடா!"

முருகேசன் அவரை அடித்தார், கெட்ட வார்த்தையில் திட்டினார். அண்ணன் அசையவில்லை. காற்று உருளை வந்ததும் அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் தானே மாட்டிக்கொண்டு இறங்கினார். ஆரோக்கியத்தைத் தன் உடம்போடு சேர்த்துக் கட்டி மேலே கொண்டுவந்தார். ஆனால் உயிர் இல்லை.

ஊருக்கு வந்த செய்தி வேறாக இருந்தது. சவப்பெட்டியோடு அண்ணன் வந்து இறங்கிய அன்று, தெரு முழுக்க நிற்கையில் அந்தத் தாய் கேட்டார்:

"ஏலே, எம் புள்ள கீழ கெடக்கையில நீ மேல உக்காந்திருந்தியாமே?"

"ஆமா பெரியம்மா. உக்காந்திருந்தேன்" என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஆத்திரத்தில் கேட்டேன். "நீங்க எறங்குனதச் சொல்ல வேண்டியதுதானண்ணே?"

"அவுக பிள்ளையப் பறிகுடுத்துட்டு நிக்கிறாக. அங்க போயி என் பெருமையவா பேசச் சொல்லுற?"

பிறகு விசாரணை வந்தது. ஆரோக்கியம் சொல் கேட்காமல் தானாகவே இறங்கினார் என்று அண்ணன் சொல்லிவிட்டால் போதும் என்று கம்பெனித் தரப்பில் ஆள் அனுப்பினார்கள். சொன்னால் பழி செத்தவர் மேல் போகும், அவர் வீட்டுக்கு வர வேண்டிய இழப்பீடும் சுருங்கும். அண்ணன் மறுத்துவிட்டார். யார் இறங்கச் சொன்னது, எது சோதிக்கப்படவில்லை என்பதை உள்ளபடி சொன்னார். அந்தக் குடும்பத்துக்கு உரியது கிடைத்தது. அண்ணனுக்கு அடுத்த கப்பல் கிடைக்கவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாகக் காய்கறி மார்க்கெட்டில் லாரிக்கு லோடு ஏற்றிவிடும் வேலை பார்த்தார். அண்ணி தையல் தைத்தார். தெருவில் பலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேறொரு கம்பெனி கூப்பிட்டபோது, போகும் முன் அண்ணன் ஆரோக்கியத்தின் கல்லறைக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

சில ஆண்டுகள் கழித்து, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போன முருகேசன், வழியில் திண்டுக்கல்லில் விசாரித்து விசாரித்து ஆரோக்கியத்தின் வீட்டைக் கண்டுபிடித்துப் போயிருக்கிறார். அன்று நடந்ததையெல்லாம் அந்தத் தாயிடம் சொல்லியிருக்கிறார். அன்று அண்ணன் மறிக்காவிட்டால் தானும் அங்கேயே செத்திருப்பேன், தன் பிள்ளைகள் பிறந்தே இருக்க மாட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலையில் அந்தத் தாய் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். விடுமுறையில் வந்திருந்த அண்ணன் பதறி எழுந்தார்.

"நீ ஏய்யா சொல்லல?"

"சொல்லி என்ன பெரியம்மா ஆகப்போகுது?"

"எம் புள்ளையக் கடைசியாத் தூக்குன கை யாரு கைன்னு எனக்குத் தெரிய வேணாமாய்யா?"

அப்பா இறந்தபோதும் அழாத அண்ணன் அன்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தத் தாய் அண்ணனின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டார்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாகிக் கடல் வேலை நின்ற பிறகு ஆரோக்கியத்தின் தாயார் அடிக்கடி வீட்டுக்கு வந்தார். மருத்துவமனையில் கடைசி வாரத்தில், "செத்த நேரம் நான் பாத்துக்கிறேன் தாயி, நீயும் ஒங்க அண்ணியும் போயி ஒரு வாய் சாப்புட்டு வாங்க" என்று எங்களை அனுப்பிவிட்டுப் படுக்கையருகில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். அப்போதுதான் அண்ணன் நன்றாகத் தூங்குவார்.

கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த பங்கு இளைஞர்களுக்கும், துக்க நாட்களில் எங்கள் அடுப்பை எரிய விடாமல் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், குடும்பத்தோடு வந்து சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த முருகேசனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலர் தயாராவதைக் கேள்விப்பட்டு ஆரோக்கியத்தின் தாயார் என்னைத் தேடி வந்தார். சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த ஒரு படத்தை என் கையில் கொடுத்தார்.

"இவனையும் அவன் பக்கத்துல போடு தாயி. தனியா இருக்க வேணாம்."

அட்டையில் அண்ணனுக்கு அருகில் இருக்கும் இளைஞர் யார் என்று கேட்பவர்களுக்கு, அவர்தான் ஆரோக்கியம்.