டிவி ஓடுகிறது

மகனாக வளர்ந்த வீட்டில் நான் மகளாக இருந்த முதல் பொங்கல் அது. புதுச்சேலையை அம்மாதான் எடுத்து வைத்திருந்தாள். உடுத்தி முடித்ததும், "வாசலுக்கு மட்டும் வந்திராத. தெருவே அங்கனதான் நிக்கும்," என்று சொல்லி, என்னை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அங்கே ஒரு டிவி இருந்தது. நான் போடவில்லை. யாருக்குக் காட்ட அந்தச் சேலை? சுவரில் இருந்த பல்லிக்கா?

பனை ஓலை எரியும் வாசனை சன்னல் வழியே வந்தது. பானை பொங்கியதும் வாசலில் பெண்கள் குலவை போட்டார்கள். சின்ன வயதில் நானும் போட்டு, ஆம்பளப்பிள்ளை குலவை போடலாமா என்று அம்மாவிடம் வாயிலேயே அடி வாங்கியிருக்கிறேன். இனி அந்தத் தடை இல்லையே என்று நாக்கு தானாகச் சுழன்றுவிட்டது. வெளியே எல்லாரும் ஓய்ந்த பிறகும் என் குலவை ஓயவில்லை.

"உள்ள யாரு, அக்கா? குலவை கணீர்னு கேக்கு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"யாருமில்ல. டிவி ஓடுது," என்றாள் அம்மா.

பிறகு உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் போட்டு, சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்துவிட்டு, கதவை மறுபடியும் சாத்தினாள்.