கம்ப்யூட்டர் குரூப்புக்கு ஒரு ஆள் குறையுது

இன்று செம்பட்டி பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு அப்பாவும் பத்தாவது முடித்த மகளும்.

ஏறியதிலிருந்து அப்பா புலம்பல். "பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்த நம்ம ஸ்கூலோட சேத்துட்டாய்ங்க. கண்ட ஊர்ப் பிள்ளைகளும் வந்து உக்காந்தா எப்படி வெளங்கும்?"

லாஜிக் இல்லாத பேச்சு எனக்கு ஆகாது. வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"நம்ம ஊர்ப் பிள்ளைக மட்டும் இருந்தப்ப ஆள் பத்தலைன்னு கம்ப்யூட்டர் குரூப்பே இல்லப்பா. அவங்க வந்ததாலதான் ஆரம்பிக்கப் போறாங்க. இப்பவும் ஒரு ஆள் குறையுது. கிடைக்கலைன்னா எனக்கு வரலாறு குரூப்புதான்."

அப்பா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

அடுத்த நிறுத்தம் அந்தப் பக்கத்து ஊர். ஒரு அம்மா தன் மகளோடு ஏறினார். நம்ம ஆள் பட்டென்று எழுந்து இடம் கொடுத்தார்.

"உக்காருத்தா. பாப்பா என்ன குரூப்பு?"

"இன்னும் முடிவு பண்ணலண்ணே."

"கம்ப்யூட்டர் எடுக்கட்டும்த்தா. நம்ம பிள்ளைக ஒண்ணாப் படிக்கட்டும்!"

அந்தப் பெண் இவளைப் பார்த்தாள். "நீ எடுக்கிறியா? அப்ப நானும்."

இவள் சிரிப்பு பஸ் முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகும் அப்பா விடவில்லை. என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க வீட்ல பத்தாவது முடிச்ச பிள்ளை இருக்கா?"

"அதான் ஆள் சேந்திருச்சேப்பா!"

"இருக்கட்டும்மா, யாராச்சும் ஸ்கூல் மாறிட்டா?"

எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. உங்க வீட்டில் இருந்தால் சொல்லுங்க. எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லையாம்.