தேசப்பன் கட்டிய சிவப்புத் துணி

"சார், தேசப்பன் அண்ணன் பூட்டாரு."

காலையில் லாரிக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்த மனுஷன். கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. இனி அந்த முகத்தைப் பார்க்க வேண்டாமே! அவரோடு வேலை செய்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு நான் என்ன அஞ்சலி எழுத?

நம் ஐஸ் பிளான்டில் அவர் கம்ப்ரசர் ஆபரேட்டர், நான் மேனேஜர். தினமும் காலையில் கந்தகத் திரியைக் கொளுத்தி அம்மோனியா குழாய்களை ஒட்டியே நடப்பார். வாயு கசிகிற இடத்தில் திரி வெள்ளையாகப் புகையும். ஒருநாள் பெரிய வால்வருகே புகைந்தது. "சீசன் முடியட்டும், மாத்தலாம்" என்றேன்.

"யோவ் மேனேஜரு, கேஸுக்கு சீசன் தெரியுமா? மூக்க இன்னா அழகுக்கா வச்சிக்கினு கீற?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

பிறகு தன் பழைய சிவப்பு லுங்கியைக் கிழித்துக் கூரைக் கம்பத்தில் கட்டினார். தோணிரேவு குப்பத்திலிருந்து இறால் பிரிக்க வரும் பெண்களிடம், "கேஸ் அடிச்சா துணியப் பாருங்கடி. அது பறக்குற பக்கம் ஓடாதீங்க, எதிர்ப்பக்கம் ஓடுங்க. பயத்துல துறைக்கு ஓடிப்பூடாதீங்க" என்றார். என்ன ஆபத்தென்றாலும் தண்ணீரைப் பார்த்து ஓடுகிறவர்கள்தானே நாம்.

முதலாளிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். லுங்கி அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்றார் முதலாளி. நானே ஏறினேன். தேசப்பன் போட்ட வலை முடிச்சு அவிழவில்லை. பிளேடால் துணியை அறுத்தேன்.

மூன்றாம் நாள் வால்வு பிய்த்துக்கொண்டது. பெண்கள் கூரையைப் பார்த்தார்கள்; வெறும் கம்பம். துறைக்கு ஓடினார்கள். காற்றும் துறைக்கே அடித்தது. தேசப்பன் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். துண்டுக்குள்ளிருந்து கத்துவது கேட்கவில்லை என்று அதை இறக்கிவிட்டார். திட்டித் திட்டியே ஒவ்வொருத்தியையும் திருப்பினார். அத்தனை பேரும் பிழைத்தார்கள். நான்? அவர் சொன்ன பக்கம் ஓடித் தப்பித்தேன்.

சாவு வீட்டில், நான் அறுத்தெடுத்து வைத்திருந்த அந்தத் துணியை அவர் காலடியில் வைக்கப் போனேன். அவர் மனைவி அஞ்சலை அதைப் பிடுங்கி என் முகத்தில் எறிந்தார்.

"இனிமே அவருக்கு எந்தக் காத்து அடிச்சா இன்னா? உசுரோட கீறவங்களுக்குக் கட்டுய்யா!"

கட்டினேன். என் முடிச்சு நிற்பதில்லை. தினமும் ஏறி மறுபடி கட்டுகிறேன். அதற்குக் கீழே, நான் அறுத்த மிச்சத்துணியோடு, அவர் முடிச்சு இன்னும் இறுகியிருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அதுதான். அதைப் பார்க்காமல் என்னால் துணி கட்ட முடியாது.