மூன்றாவது கட்டில் நிமிர்ந்த கதை

விடுதி விதிகள், விதி எண் பதினொன்று: ‘ஓர் அறைக்கு மூன்று மாணவியர். ஆளுக்கொரு கட்டில், ஒரு மேஜை, ஓர் அலமாரி. பழுதடைந்த தளவாடம் எதையும் அறையில் வைத்திருக்கக் கூடாது.’

எவ்வளவு அழகான விதி! எழுதியவர் அந்த அறைக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை என்பது மட்டும்தான் குறை.

என் தங்கை இருப்பது காரைக்காலில். அவள் மகள் கயல், வில்லியனூர்ப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் முதல் வருடம். பாகூரில் பென்ஷனும் பகல் தூக்கமுமாக இருக்கிற நான் அவளுக்கு லோக்கல் கார்டியன். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவன். எந்தப் படிவத்தை எந்த மேஜையில் வைத்தால் எத்தனை நாள் தூங்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் திமிரோடுதான் விடுதி திறந்த ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினேன். கூடவே ஓர் இரும்பு டிரங்குப் பெட்டி. அதற்குள், நானே பட்டியல் போட்டுச் சேகரித்த நாற்பத்திரண்டு ‘இன்றியமையாத’ பொருட்கள்.

அறை பத்துக்குப் பன்னிரண்டு. ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். நெட்டப்பாக்கத்து ஸ்டெல்லா. என் பெட்டியைப் பார்த்ததும் கேட்டாள்:

“இன்னா மாமா, கயல் படிக்க வந்துக்கிறாளா, குடித்தனம் வெக்க வந்துக்கிறாளா?”

நல்ல கேள்வி. பதில் சொல்வதற்குள் மூன்றாவது கட்டிலைக் கவனித்தேன். வெல்டிங் விட்டுப்போய், நடுவில் தொய்ந்து, தொட்டில் மாதிரி கிடந்தது. அதன்மேல் கிழிந்த மெத்தை, போன வருடத்துப் பெண்கள் விட்டுப்போன வாளி, கைப்பிடி இல்லாத சூட்கேஸ், இன்னும் என்னென்னவோ... உடைந்த கட்டில் ஒன்று இருந்தால் ஊரில் உள்ள உடைசல் எல்லாம் அதன்மேல் வந்து படுத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் ஒரு பை, ஒரு தலையணை, ஒரு வாளி. அமுதா. திருக்கனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மூன்றாவது இடம் அவளுக்குத்தான். ஆனால் படுக்க ஏது இடம்?

வார்டன் கையை விரித்தார். “கண்டம் பண்ணாத கட்டில் சார். நான் தூக்கிப் போட்டா நாளைக்கு ஆடிட்ல என்னத் தூக்கிப் போடுவாங்க.”

கண்டம் பண்ணுவது என்றால் வேறொன்றுமில்லை — ஒரு பொருள் செத்துவிட்டது என்று அலுவலகம் ஒப்புக்கொள்வது. பொருள் சாவதற்கு ஒரு நிமிடம் போதும். ஒப்புக்கொள்வதற்குத்தான் வருடங்கள். சரி, வெல்டிங் வைக்கலாமே? வைக்கலாம். அதற்குத் தனிப் படிவம், தனி மேஜை.

“பதினஞ்சு நாள்ல இந்தப் பொண்ணு ரூம்ல சேந்துடணும் சார். இல்லாட்டி வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்த பொண்ணுக்கு எடம் போயிடும்” என்றார் வார்டன்.

அமுதா காலை ஏழு மணிக்குப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரி வார்டில் இருக்க வேண்டும். அவள் ஊரிலிருந்து இரண்டு பஸ். நாலு மணிக்கு எழுந்தால்தான் முடியும். வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே இரண்டு நாள் லேட். “இன்னொரு வாட்டி லேட்டா வந்தா வார்டுக்குள்ளயே உட மாட்டாங்களாம்” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அப்பா வேறு, இடம் கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிடு என்கிறாராம். இருட்டில் பெண்ணை பஸ் ஏற்றி அனுப்புகிறவர் வேறு என்ன சொல்வார்?

ஸ்டெல்லா ரகசியமாகச் சொன்னாள்: “மாமா, நாலு பேர் புடிச்சா அஞ்சு நிமிசம். மாடிப்படிக்குக் கீழ தள்ளிடலாம். எவன் கேக்கப் போறான்?”

நான் இருக்கும்போதா? முறை என்று ஒன்று இல்லையா? உட்கார்ந்தேன். கட்டில் காலில் பெயின்டில் எழுதியிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். ‘பொருள்’, ‘பார்வை’ எல்லாம் போட்டு, கட்டிலை அப்புறப்படுத்தக் கோரி மூன்று பிரதியில் மனு. அரை மணி நேரத்தில் வார்டன் மேஜையில் வைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகையும் வாங்கிவிட்டேன். வரும் வழியில் பஸ்ஸில் எனக்கே என்மேல் ஒரு மரியாதை.

மறுநாள் கயல் போன் செய்தாள்.

“என்ன மாமா இப்படிப் பண்ணிட்ட? வார்டன் மேடம் வந்து கட்டிலோட நாலு காலைச் சுத்தியும் சாக்பீஸால வட்டம் போட்டுட்டுப் போயிட்டாங்க!”

“எதற்கு?”

“மனு நிலுவையில இருக்காம். பதில் வர்ற வரைக்கும் கட்டில் இருக்குற எடத்துலயே இருக்கணுமாம். நீ எழுதலன்னா இந்நேரம் அது மாடிப்படிக்குக் கீழ போயிருக்கும்!”

உண்மைதான். மனு போடும்வரை அது வெறும் உடைந்த கட்டில். நான் எண் போட்டு எழுதியதும் ஆவணமாகிவிட்டது. ஆவணத்தை யார் நகர்த்த முடியும்? சர்வீஸ் முழுக்க இதையே மற்றவர்களுக்குச் செய்தவன் நான். சொந்த வீட்டுப் பெண்ணுக்குச் செய்தபோதுதான் உறைத்தது.

பதில் வரவில்லை. பதினான்காம் நாள் ஞாயிறு, நானே போனேன். கையில் நான் பகலில் படுக்கிற மடக்குக் கட்டில். பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை விரிக்கவும் இடம் வேண்டுமே?

மூன்று பெண்களும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள் — நான்காவதாக நானும். அமுதாதான் மெதுவாகக் கேட்டாள்:

“மாமா, நகத்தக் கூடாதுன்னுதான சொன்னாங்க? அதே எடத்துல நிமித்தி வெச்சா?”

ஆஹா! இத்தனை வருட சர்வீஸில் எனக்குத் தோன்றாத குறிப்பு!

உடைசல்களை இறக்கினோம். தலைமாட்டுப் பக்கத்தை அதே சாக்பீஸ் வட்டத்துக்கு மேலேயே ஊன்றி, கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தினோம். ஸ்டெல்லா ஜன்னல் கம்பியோடு சேர்த்து நைலான் கயிற்றால் இறுக்கினாள். அவள் வீட்டில் எல்லோரும் கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள். அந்த முடிச்சை யானைதான் அவிழ்க்க வேண்டும். கட்டிலின் இரும்புப் பட்டைகளில் கொக்கி மாட்டினார்கள். வெள்ளை யூனிஃபார்ம்கள் கசங்காமல் தொங்கின. பை, குடை, துண்டு, டம்ளர் எல்லாம் சுவரேறின. கீழே ஒரு கட்டில் அளவுக்குத் தரை!

அதோடு நிறுத்தவில்லை. ஸ்டெல்லா ஒரு சட்டம் போட்டாள். “ஒரு ஞாயித்துக்கெழமைலேர்ந்து அடுத்த ஞாயித்துக்கெழம வரிக்கும் எத தொடலையோ, அது வூட்டுக்குப் போவணும்.” நான் பார்த்த விதிகளிலேயே திருத்தம் தேவைப்படாத ஒரே விதி. கயலின் துப்பட்டாக்களில் பாதி, ஊறுகாய் பாட்டில்கள், போன வருடத்து சூட்கேஸ்... அப்புறம் என் டிரங்குப் பெட்டி. நாற்பத்திரண்டில் தேறியவை ஐந்து. எமர்ஜென்சி லைட், நகவெட்டி, அலாரம், பூட்டு, ஊசிநூல். மற்றவற்றைப் பார்த்து ஸ்டெல்லா, “மாமா, இதெல்லாம் கயலுக்கு வாங்குனியா, ஒன் மனசு ஆறுதலுக்கு வாங்குனியா?” என்றாள். சட்டென்று ஒருமைக்கு வந்துவிட்டாள். தப்பில்லை, நியாயமான கேள்வி.

அமுதாவின் பையிலிருந்து மட்டும் எதுவும் கழியவில்லை. இரண்டு பஸ் மாறித் தூக்கி வருகிறவளிடம் உபரி எங்கிருந்து இருக்கும்?

சாயங்காலம் வார்டன் வந்தார். குனிந்து வட்டத்தைப் பார்த்தார். நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சார்... இதுக்கு விதி இருக்குதா?”

“இதற்கு எதிராக விதி இல்லை மேடம்.”

கயல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வார்டன் மடக்குக் கட்டிலைக் காலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு ரிஜிஸ்டரைப் பிரித்தார். “பேர் சொல்லும்மா.”

அமுதா பெயர் சொன்னாள். வார்டன் காதுக்கு எட்டவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

பாகூர் பஸ்ஸில் மடியில் டிரங்குப் பெட்டியோடு திரும்பினேன். இவ்வளவு கனத்தோடு இவ்வளவு லேசாக நான் பயணம் செய்ததே இல்லை. வழியெல்லாம் ஒன்றுதான் யோசித்தேன். நாம் அடைசல் என்று சொல்வதில் பாதி, யாரோ முடிவெடுக்காமல் விட்டது. மீதி, யாரோ அளவுக்கு மேல் அக்கறைப்பட்டது. அந்த அறையில் இரண்டாவதற்கு முழுப்பொறுப்பு நான். முதலாவதிலும் கொஞ்சம் பங்கு உண்டு.

நிற்க. என் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது! ‘மேற்படி கட்டிலை உடனடியாக அப்புறப்படுத்த அனுமதி வழங்கப்படுகிறது.’

ஸ்டெல்லா கொதித்துப்போனாள். “எங்க கட்டில எவன் தூக்குறான்னு பாக்கறேன்!”

மனுவைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு மனு எழுதியிருக்கிறேன். மூன்று பிரதி. இந்த முறை அது எத்தனை வருடம் தூங்கினாலும் எனக்குச் சம்மதம்.

பதில் வந்த தேதி, மார்ச் பதினான்கு; மனு போட்டு ஐந்து மாதம். அன்று காலையும் அமுதா ஆறு மணிவரை தூங்கினாளாம்.