பள்ளிக்குப் போன கதாநாயகன்

பதினான்கு பதினைந்து வயதில் வாசித்த இளைஞர் நாவல்களைப் பற்றி யாராவது கேட்டால், முதலில் எனக்கு வருவது எரிச்சல்தான். கதாநாயகர்கள் எல்லாரும் தாய் தகப்பன் இல்லாத பையன்கள். எல்லாரும் ஒரு கட்டத்தில் காட்டுக்குள் ஓடுவார்கள். ஒருவனாவது குடிக்கத் தண்ணீர் கொண்டு போனதாக ஞாபகம் இல்லை. பெண்பிள்ளைகள் வாசலில் நின்று, "அண்ணா, பத்திரமாகப் போய் வா" என்று கண் கலங்குவார்கள். அத்தோடு அவர்களுடைய வேலை முடிந்தது. ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசியிலும் எழுதியவர் தலையை நீட்டி ஒரு புத்திமதி சொல்லிவிட்டுத்தான் போவார். இவ்வளவு குறையையும் சொல்லிக்கொண்டே, அலுமாரியில் இருந்த அத்தனையையும் வாசித்து முடித்தேன்.

அலுமாரி எங்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரின் மேசைக்குப் பின்னால் இருந்தது. புத்தகங்கள் இந்தியாவிலிருந்து வந்தவை. நாங்களோ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, செட்டிகுளத்துப் பக்கம் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்தவர்கள். வெட்டித் துப்புரவாக்கிய காணியைத் தாண்டினால் காடு. அதனால் காட்டைப் பற்றி எழுதுகிறவர்களை நாங்கள் சும்மா விடுவதில்லை. நாங்கள் என்றால் நானும், வகுப்பு வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த சிநேகிதியும். அவளுடைய வாப்பாவுக்குச் சந்தியில் துணிக்கடை. ஒரு நாவலில் கதாநாயகன் பழம் உதிர்ந்து கிடந்த மரத்தடியில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, அங்கேயே படுத்து உறங்கினான். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"பழம் விழுற மரத்துக்குக் கீழ படுக்கிறானே, விசரன். கரடி வந்து முகத்தை விறாண்டப் போகுது."

கரடி வரவில்லை. எழுதியவருக்கு அது தெரிந்திருக்காது. பாலைப்பழக் காலத்தில் கரடி எங்கே நிற்கும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பிறகு அவள் பெரியபிள்ளையானாள், பள்ளிக்கூடம் நின்றது. அவளுடைய வீட்டாரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். என் அக்காவையும் அப்படித்தான் மறித்தார்கள். நான் தப்பியது அம்மாவோடு ஓயாமல் சண்டை பிடித்ததால். அவள் சண்டை பிடிக்கிறவள் அல்ல. வாங்கில் அவளுடைய இடம் வெறுமையாகக் கிடந்ததை என்னால் தாங்க முடியவில்லை. புத்தகமாவது அவளிடம் போகட்டும் என்று ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னால்தான் வீடு.

வாசலில் வாப்பாவும் அவருடைய தமையனும் இருந்தார்கள். நானும் அவளைப் போலவே வாப்பா என்றுதான் கூப்பிடுவேன். தமையனை அவள் பெரியவாப்பா என்பாள், வாப்பா நானா என்பார். அவர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தச் சொன்னதும் அவர்தான்.

"கதைப் புத்தகம் என்னத்துக்கு?" என்றார் பெரியவாப்பா. "கதை கூடிப் போகும்."

எங்கள் பக்கத்தில் கதை என்றால் பேச்சும்தான். பெண்பிள்ளை அதிகம் பேசவும் கூடாது, ஊரால் பேசப்படவும் கூடாது. வாப்பா என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தை விரித்துச் சத்தமாக வாசித்தார். "பொழுது விடியுமுன்பே எழுந்து அவன் பள்ளிக்குப் புறப்பட்டான்."

அவ்வளவோடு நிறுத்தினார். பெரியவாப்பாவின் முகம் இளகியது.

"சுபஹுக்கே பள்ளிக்குப் போற பொடியனோ?"

"ஓம் நானா. அப்பிடித்தான் போட்டிருக்கு."

"அப்ப வாசிக்கட்டும்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. நாங்கள் படிக்கப் போகும் இடம் பள்ளிக்கூடம். வெறும் பள்ளி என்றால் எங்கள் ஊரில் அது முஸ்லிம் சனங்கள் தொழுகிற இடம், சுபஹு விடியற்காலைத் தொழுகை. இந்தியாவில் பள்ளிக்கூடத்தையே சுருக்கிப் பள்ளி என்று எழுதுவார்கள் என்பது பெரியவாப்பாவுக்குத் தெரியாது. வாப்பாவுக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குப் புத்தகம் எடுக்குமுன் முதல் பக்கத்தில் 'பள்ளி' இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கதையானாலும் அலுமாரியிலேயே விட்டுவிடுவேன். கப்பல், தீவு, புதையல் எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. எல்லாம் பள்ளிக்குப் போகிற பையன்கள்தான்.

பகலில் சமையல் முடிந்தபின் அவள் உம்மாவுக்குச் சத்தமாக வாசிப்பாள். உம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது. தாயில்லாப் பையன்கள் மேல் எனக்கு இருந்த எரிச்சல் அவருக்கு இல்லை. "அவனுக்கு ஆர் சோறு குடுக்கிறது?" என்று ஒவ்வோர் அத்தியாயத்திலும் கேட்பார். ஒரு நாள் நானும் கூட இருந்தேன். கதாநாயகன் காட்டைக் கடந்து ஊருக்கு வந்து, நேரே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தான். அவள் அதைக் கண்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

"என்ன விட்டுட்டாய்?" என்றார் உம்மா.

அவளுக்குப் பொய் வராது. திரும்பவும் புரட்டி, உள்ளதை உள்ளபடி வாசித்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இது பெரியவாப்பாவின் காதுக்குப் போனால் அவளுக்கு இனிப் புத்தகமே இல்லை.

"உடைச்ச தேங்காயையாவது அவன் திண்டவனோ?" என்று கேட்டார் உம்மா.

அடுத்த புத்தகத்தோடு போனபோது வாப்பா கடையில் தனியே சீத்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இஞ்ச வாங்கோ," என்றார். தேங்காய்க் கதையை உம்மா சொல்லியிருக்கிறார் என்று விளங்கிவிட்டது. "எல்லாப் புத்தகமும் பள்ளியிலதான் தொடங்குது. இனி அப்பிடித் தேடித் தேடி எடுக்க வேண்டாம். கப்பல் கதை இருந்தாலும் கொண்டுவாங்கோ. நானாவுக்கு முதல் புத்தகமே போதும்."

"வாப்பாவுக்குத் தெரியுமோ?"

"அண்டைக்கே தெரியும். அடுத்த வரியில அவன் பந்தைத் தூக்கிக்கொண்டெல்லோ போறான். பள்ளிக்கு ஆரும் பந்து கொண்டு போறதோ?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு துணியை மடிக்கத் தொடங்கினார். மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"புத்தகத்துக்கு ஒரு சொல்லுக் கிடைச்சுது, பிள்ளை. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு விட எனக்கு ஒண்டும் கிடைக்கேல்லை."

புத்தகத்தோடு உள்ளே போனேன். அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். புத்தகத்தைக் கையில் வாங்கினாள், முதல் பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை. வாங்கில் தன்னுடைய இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.