கொலெத் மதாமின் கயிறுகள்

எங்கள் வீட்டு மாடியில் நின்று பல் துலக்கினால் எதிரே வாய்க்காலில் கொலெத் மதாமின் படகு தெரியும். எங்கள் ஊர் தேங்காய்த்திட்டில் படகு தெரிவது ஒரு செய்தியே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் படகுதான். ஆனால் அதில் ஒரு பொம்பளை தனியாகக் குடித்தனம் நடத்துவது செய்தி. அவர் வந்த புதிதில் நான் போவோர் வருவோரிடமெல்லாம் அவரைப் பைத்தியம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி லட்சுமிக்கு அது பிடிக்கவில்லை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதனால் இன்னும் நாலு பேரிடம் சொன்னேன்.

மதாம் பாண்டிச்சேரியில் பிறந்தவர்தான். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். கல்யாணமாகி பிரான்சுக்குப் போனபோது அங்கே கணவர் ஜான்-பத்திஸ்த் சரக்குப் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். பெனீஷ் என்பார்களாம், எங்கள் தெருவில் பாதி நீளம் இருக்குமாம். கோதுமையும் மணலும் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் வழியாகவே ஊர் ஊராகப் போகிற பிழைப்பு. முன்பக்கம் சரக்கு, பின்பக்கம் வீடு. மகள் ஸ்டெஃபனி நடை பழகியதே அந்தப் படகின் மேல்தளத்தில்தான். தண்ணீரில் விழாமல் இருக்க இடுப்பில் கயிறு கட்டி விட்டிருந்தார்களாம். பனிக்காலத்தில் வாய்க்கால் உறைந்து போனால் இருக்கிற இடத்திலேயே நின்று, அடுப்பை மூட்டிக்கொண்டு, எப்போது உருகும் என்று உட்கார்ந்திருப்பார்களாம். இதையெல்லாம் மதாம் ஏதோ மார்க்கெட்டுக்குப் போய் வந்த கதை மாதிரிச் சொல்வார். கேட்கிற எனக்குத்தான் வாய் மூடாது.

கணவர் போய்ச் சேர்ந்த பிறகு படகை விற்றுவிட்டு ஊர் திரும்பினார். டவுனில் தம்பி பாஸ்கால் வீட்டில் அவருக்கென்று பெரிய அறை ஒதுக்கினார்கள். ஏசி, மெத்தை, எல்லாம் உண்டு. ஆனால் தூக்கம் மட்டும் வரவில்லை. தரை ஆடாமல் கிடப்பதே பிணத்தின் மேல் படுத்த மாதிரி இருந்தது என்று லட்சுமியிடம் சொல்லியிருக்கிறார். கடைசியில், சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஓய்ந்துபோன ஓர் இரும்புப் படகைத் தேடிப் பிடித்து வாங்கினார். பக்கவாட்டில் வெளுத்துப்போன டால்பின் படம். இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கட்டிலும் சமையல்மேடையும் வைத்து, எங்கள் கரையில் கொண்டுவந்து கட்டினார்.

பைத்தியம் என்ற பேச்சை நான் எப்போது விட்டேன் என்று சரியாகத் தெரியவில்லை. பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் சோப்பு கம்பெனியில் எனக்கு வேலை. காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் தினமும் அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் மனசு மாறியிருக்க வேண்டும். எழுந்ததும் முகம்கூடக் கழுவ மாட்டார். தரைப்பலகையைத் தூக்கி, அடியில் எவ்வளவு தண்ணீர் கசிந்திருக்கிறது என்று ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பார். பிறகு பம்பைப் போட்டு இறைப்பார். அப்புறம்தான் காப்பி. இஞ்சின் பக்கம் கிரீஸ் வைக்க வேண்டும். ராத்திரியில் வந்து அடைந்துகொண்ட ஆகாயத்தாமரையைக் கொக்கியால் தள்ள வேண்டும். படகைத் தள்ளும் அடிவிசிறியில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டால் குப்புறப் படுத்து ரொட்டிக் கத்தியால் அறுப்பார். எடை ஒரே பக்கம் சேரக் கூடாதென்று கேஸ் சிலிண்டர் இந்தப் பக்கம், அரிசி டிரம் அந்தப் பக்கம். அரிசி குறையக் குறைய சிலிண்டரையும் நகர்த்துவார். சித்திரை வெயிலில் இரும்பு தோசைக்கல்லாகக் காயும். கூரை மேல் தென்னங்கீற்றைப் பரப்பித் தண்ணீர் தெளித்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து நிம்மதியாகச் சுறாப்புட்டு செய்வார்.

வருஷத்துக்கு ஒரு தடவை படகைக் கரையேற்றி அடிப்பக்கம் சுரண்ட வேண்டும். கல் மாதிரி ஒட்டிக்கிடக்கும் சிப்பிகளைப் பெயர்த்துவிட்டு, சின்னச் சுத்தியலால் தகட்டை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு ணங்கென்று சொல்லும், துரு தின்ற இடம் டொப்பென்று கேட்கும். ஒருமுறை என்னிடம் சுத்தியலைக் கொடுத்து, கொஞ்சம் பார்க்கிறாயா என்றார். ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை விட்டுப்போய்விட்டது. அறுபதைத் தாண்டிய அந்த அம்மா மாலை வரை தட்டினார். இந்த உடம்புக்குள் என்னதான் இருக்கிறது என்று நான் மலைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

போன கார்த்திகையில் ஸ்டெஃபனி லீவு போட்டு வந்தாள். நல்ல பெண், நர்ஸ் உத்தியோகம். வந்ததும் வராததுமாக, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருப்பதாக எங்களிடம் சொன்னாள். இந்த வயதில், தனியாக, இப்படி ஓர் இரும்பு டப்பாவில் விட்டுவிட்டு அங்கே தன்னால் ஒரு ராத்திரிகூடத் தூங்க முடியவில்லை என்று கண் கலங்கினாள். அம்மாவும் மகளும் பிரெஞ்சில் மணிக்கணக்காகச் சண்டை போட்டார்கள். கடைசியில் மதாம் ஒரு பந்தயம் கட்டினார். லீவு முடியும் வரை ஸ்டெஃபனி படகிலேயே தங்க வேண்டும். அதற்குப் பிறகும் இது மனுஷி இருக்கிற இடமில்லை என்று அவள் சொன்னால், மறுபேச்சில்லாமல் படகை விற்றுவிட்டுக் கிளம்பிவிடுவார். மதாம் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை.

அந்த வாரமே புயல் வந்து தொலைத்தது.

இரண்டு நாள் காற்றும் மழையும் போட்டு உலுக்கின. படகு தளர்ந்த கயிறுகளில் ஆடி ஆடிக் கரைக்கல்லில் இடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னோம், இருவரும் மறுத்துவிட்டார்கள். ஒருத்தி வீம்புக்கு, இன்னொருத்தி பந்தயத்துக்கு. புயல் கரையைக் கடந்த மறுநாள் வானம் வெளுத்தது. மதாம் பம்புக்கு டீசல் வாங்கக் கேனைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனார்.

தனியாக இருந்த ஸ்டெஃபனி, அம்மாவுக்கு ஒத்தாசை செய்ய நினைத்தாள். படகு இப்படி இடித்துக்கொண்டே இருந்தால் தகடு என்னாவது? முன்கயிறு, பின்கயிறு இரண்டையும் விறைக்க விறைக்க இழுத்து, அப்பா சின்ன வயதில் கற்றுக்கொடுத்த முடிச்சைப் போட்டாள். படகு கரையோடு ஒட்டி, சுவர் மாதிரி அசையாமல் நின்றது. மாடியிலிருந்து பார்த்த நான்கூட, பரவாயில்லையே, வேலை தெரிந்த பெண் என்று மெச்சிக்கொண்டேன்.

அவள் வளர்ந்த வாய்க்காலில் அதுதான் சரி. அங்கே இரண்டு பக்கமும் கதவு வைத்துத் தண்ணீரை அடைத்திருப்பார்கள். கோடை என்றாலும் மழை என்றாலும் ஒரே மட்டம். கயிறு தளர்ந்திருந்தால் சோம்பேறிப் படகுக்காரன் என்று பெயர். எங்கள் வாய்க்காலோ கடலோடு சேர்ந்தது, தினமும் ஏறும், வற்றும். இறுக்கிக் கட்டினால் தண்ணீர் ஏறும்போது படகால் ஏற முடியாது. அன்றைக்கோ ஏறியது கடல் மட்டுமில்லை. மேற்கே நிரம்பி வழிந்த ஏரிகளின் தண்ணீர் முழுக்க எங்கள் வாய்க்காலோடு சேரும் அரியாங்குப்பம் ஆற்றில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் செம்மண் நிறத்தில் கிடுகிடுவென்று ஏறியது. வாழைமரமும் யார் வீட்டுக் கதவோ ஒன்றும் மிதந்து போயின. மற்ற படகுகள் எல்லாம் தண்ணீரோடு உயர்ந்தன. மதாமின் படகு மட்டும் உயரவில்லை. கரைப்பக்கத்துக் கயிறுகள் அதைப் பிடித்துக் கீழே அழுத்த, கரையைப் பார்த்துச் சாய ஆரம்பித்தது. உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம் எனக்குக் கேட்டது. ஸ்டெஃபனி வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றாள். ஜன்னல் விளிம்புக்கு இன்னும் ஒரு சாண்தான். அதற்குள் தண்ணீர் போனால் படகு அடியில்தான்.

நான் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், கருங்கல்லாக இறுகியிருந்தது. முன்கயிற்றை வெட்டக் கையை ஓங்கினேன்.

"அத வெட்டாத தம்பி."

மதாம் முழங்கால் தண்ணீரில் கேனோடு வந்துகொண்டிருந்தார். கத்தவில்லை. கடையில் வெங்காயம் கேட்கிற குரல்தான். "முன்னாடி மொதல்ல அறுந்துச்சின்னா தண்ணி படகக் குறுக்க திருப்பிடும். கவுந்துடும்" என்றார்.

சாய்ந்து கிடந்த படகின் கைப்பிடிக் கம்பியில் கேனை மாட்டிவிட்டு ஏறினார். பெட்டியைத் திறந்து நீளமான புதுக் கயிறு ஒன்றை எடுத்து ஒரு முனையை என்னிடம் வீசினார். கரை மேட்டில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில் கட்டச் சொன்னார். இன்னொரு முனையைப் படகின் முன்பக்கத்து இரும்பு முளையில் சுற்றி மகள் கையில் கொடுத்தார். அதுவரை மமான், மமான் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், "அம்மா, என்னால முடியாது" என்றாள்.

"முடியும். விடச் சொல்றப்ப விடு. நிறுத்தச் சொல்றப்ப நிறுத்து. வேற எதையும் பாக்காத, என் மொகத்தப் பாரு."

பிறகு சுவரில் மாட்டியிருந்த கைக்கோடரியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். ஒரே வெட்டு. பின்கயிறு துப்பாக்கி வெடித்த மாதிரி அறுந்தது. படகின் பின்பாகம் துள்ளி எழுந்தது. மதாம் விழுந்தார் என்றே நினைத்தேன். விழவில்லை. குலுங்குகிற தளத்தின் மேல், எங்கள் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல் முன்பக்கம் நடந்து வந்தார். மகளைப் பார்த்துத் தலையசைத்தார். முன்கயிற்றையும் வெட்டினார்.

படகு எழுந்தது. அத்தனை டன் இரும்பும், படுத்திருந்த மாடு எழுகிற மாதிரி உடம்பை உதறிக்கொண்டு எழுந்து நேராக நின்றது. விடு, விடு, நிறுத்து என்று மதாம் சொல்லச் சொல்ல ஸ்டெஃபனி கயிற்றை விட்டுக்கொடுத்தாள். முளையில் கயிறு உரசிப் புகை வந்தது. அம்மா முகத்தை விட்டு அவள் கண் நகரவே இல்லை. கரையைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, வெள்ளத்துக்கு முகம் கொடுத்து, படகு அந்த ஒற்றைக் கயிற்றில் அமைதியாக நின்றது. கையில் அரிவாளை வைத்துக்கொண்டு கும்பிட்டேன், யாரை என்று தெரியாமல்.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. லட்சுமி டீ கொண்டு போனாள், நானும் போனேன். அம்மாவும் மகளும் படுக்கையைக் காயப்போட்டுவிட்டுத் தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தன்னால்தான் எல்லாம் என்று ஸ்டெஃபனி சொன்னாள். மதாம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தானும் வந்த புதிதில் இறுக்கிக் கட்டி, தண்ணீர் வற்றியதும் படகு கயிற்றில் தொங்கி, கண்ணாடித் தட்டு ஒன்று மிச்சமில்லாமல் உடைந்ததைச் சொல்லிச் சிரித்தார். வாய்க்காலில் வாழ்ந்தவர்களுக்குத் தண்ணீர் ஏறி இறங்கும் என்று யார் சொல்லித்தரப் போகிறார்கள் என்றார்.

எனக்குப் பந்தயம் நினைவுக்கு வந்தது. ஸ்டெஃபனி எழுந்து ஈரத் தலையணையை வெயில் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"நீ இங்கயே இரும்மா. உன்ன வான்னு இனிமே கூப்பிட மாட்டேன்" என்றாள். கூடவே, "ஆனா நேத்து நடந்தத பாத்துட்டேன் இல்ல. அங்க போனா எனக்குச் சுத்தமா தூக்கம் வராது" என்றாள்.

மதாம் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கயிறு உரித்த உள்ளங்கை செக்கச்செவேல் என்று இருந்தது.

"அங்க வந்தா எனக்குத் தூக்கம் வராது. ரெண்டு பேர்ல ஒருத்தி முழிச்சித்தான் ஆவணும். நீ சின்னவ, நீ முழிச்சிக்க" என்றார்.

ஸ்டெஃபனி சிரிக்கத்தான் தொடங்கினாள், அழுகையில் போய் முடிந்தது. லீவு முடிந்ததும் அவள் தனியாகத்தான் விமானம் ஏறினாள்.